பால் பவுடர் டப்பாவில் 7,340 ரூபாய்

கேள்வி: தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. எனக்கு 57 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கடைக்குப் போய் வந்த மீதிச் சில்லறையை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு வைப்பது என் பழக்கம். மகள் காதுகுத்துக்குத் தோடு எடுத்ததும், வீட்டுக்கு மிக்ஸி வாங்கியதும் அந்தத் துட்டில்தான். 2023 வெள்ளத்தில் கரண்டும் போனும் இல்லாமல் கிடந்தபோது பாலும் மெழுகுவத்தியும் வாங்க அந்த டப்பாதான் உதவியது. இப்போது வீட்டில் எல்லாரும் போனிலேயே பணம் கொடுத்துவிடுவதால் டப்பா நிறையவே மாட்டேன் என்கிறது. எண்ணிப் பார்த்தேன். பத்து ரூபாய் 412, ஐந்து ரூபாய் 380, இரண்டு ரூபாய் 390, ஒரு ரூபாய் 540. மொத்தம் 7,340. அடியில் கொஞ்சம் எட்டணாவும் நாலணாவும் கிடக்கின்றன. எங்கள் ஊர்க் கடையில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்குவதில்லை. வங்கிக்குக் கொண்டுபோனால், "எண்ண ஆள் இல்லை, அப்புறம் வாங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன், "வட்டியில்லாத இரும்பைச் சேத்து வைக்கியேம்மா" என்று சிரிக்கிறான். பத்து வயதுப் பேத்தி, "ஆச்சி, இதையெல்லாம் போன்ல போட முடியாதா?" என்று கேட்கிறாள். உரிமைத் தொகை ஆயிரம் வருகிற கணக்கு என் பெயரில் இருக்கிறது. ஆனால் ஏ.டி.எம். கார்டு மகனிடம், கணக்கில் கொடுத்த போன் நம்பரும் அவனுடையது. நான் செய்வது தப்பா? இந்தச் சில்லறையை என்ன செய்ய? (டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் போட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதல் வேலையாக உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. வங்கியில் இருந்த 34 வருடத்தில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில் கழித்தவன் நான். சில்லறையை இப்படி வகை பிரித்து, எண்ணி, எழுதிக்கொண்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. டப்பாவில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது; விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பும் குறையும். ஆனால் அந்த உண்மை எத்தனை ரூபாய் பெறும்? இதே 7,340 ரூபாய் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் இருந்தால், 4 சதவீத வட்டியில் வருடத்துக்கு 293 ரூபாய் வரும். பல வங்கிகளில் அதைவிடக் குறைவு. மாதத்துக்கு 25 ரூபாய்கூட இல்லாத இந்த நஷ்டத்துக்காக உங்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அந்த டப்பா என்ன வேலை செய்தது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டவரும் கரண்டும் இல்லாத இடத்தில், போனில் லட்ச ரூபாய் இருந்தாலும் ஒரு பாக்கெட் பால் வராது. ஆகவே டப்பாவை மூடச் சொல்ல மாட்டேன். ஐந்து நாள் வீடு ஓடுவதற்கான பணம், உங்கள் குடும்பத்துக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ, எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதுவும் சின்னத் தாள்களாகவும் நாணயமாகவும் இருக்கட்டும். வெள்ளக் காலத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை தர யாரிடமும் இருக்காது. தாள்களைத் தண்ணீர் புகாத பாலிதீன் கவரில் போட்டு, பரணில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். ஏன் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் நாலாயிரத்துச் சொச்சத்தை வெளியே அனுப்ப வேண்டும். வங்கி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. வாடிக்கையாளர் தன் கணக்கில் கட்டும் நாணயத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. எல்லா மதிப்பு நாணயங்களையும் கவுண்டரில் வாங்க வேண்டும் என்று கிளைகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதியும் இருக்கிறது. எண்ண நேரமில்லை என்றால் அதற்கும் அதே சுற்றறிக்கையில் வழி உண்டு: நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டு வாங்கலாம், எடை போட்டும் வாங்கலாம்.

கவுண்டருக்கு உள்ளே இருந்தவன் என்ற முறையில் அந்தப் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாணயம் இடத்தை அடைக்கும், கனக்கும். எண்ணும் இயந்திரம் எல்லாக் கிளையிலும் இருக்காது. வாங்கி உள்ளே வைத்த நாணயத்தைத் திரும்ப எடுத்துப்போக வாடிக்கையாளர் வருவதும் குறைவு. மாதத்தின் முதல் வாரம், பென்ஷன் வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒருவர் மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தால் எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. பெருங்காய வாசனை அடிக்கும் ஒரு மூட்டையை "நாளைக்கு வாங்க" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மா மறுநாள் வரவில்லை.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். நூறு நூறாக எண்ணி, சின்னப் பாலிதீன் பையில் கட்டி, மேலே ஒரு துண்டுச் சீட்டில் "10 x 100 = 1,000" என்று எழுதி வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம், நூறு நாணயம் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். மற்ற நாணயங்களுக்குத் தராசை நம்ப வேண்டாம். ஒரு ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பழையது 4.85 கிராம், இடையில் வந்தது 3.79, புதியது 3.09 என்று மூன்று எடை கலந்து கிடக்கும்; இவற்றைக் கையால்தான் எண்ண வேண்டும். மாதத்தின் நடுவில், செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாளில், மதியம் போல் போங்கள். தாளாக மாற்றித் தரச் சொல்லாமல், சலான் எழுதி உங்கள் கணக்கில் கட்டுவதாகச் சொல்லுங்கள். ரொக்கம் கட்டுவதற்குக் கட்டணம் ஏதாவது பிடிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் மறுத்தால் சண்டை வேண்டாம். மேலாளருக்கு ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு அந்த முத்திரை கேட்ட நிமிடத்திலேயே எண்ண ஆள் கிடைத்துவிடும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். இலவசம்தான், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

வங்கிக்கே போகாமலும் பாதியைக் கரைக்கலாம். டீக்கடை, பூக்கடை, திருச்செந்தூர்க் கோயில் வாசல் கடைகள், பஸ் கண்டக்டர் என்று சில்லறைக்குத் தவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு ஒன்றும் இரண்டும் ஐந்துமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷமாகத் தாள் தருவார்கள். வங்கிப் பெட்டகத்தில் நாணயம் நிரம்பி வழிகிறது, பக்கத்துக் கடையில் மீதிக்குப் பதிலாக மிட்டாய் தருகிறார்கள். இந்த வேடிக்கை எனக்கு 34 வருடத்திலும் புரிந்ததில்லை.

பத்து ரூபாய் நாணயம் செல்லும். செல்லாது என்ற வதந்தி நம் மாநிலத்தில் பல வருடமாகச் சுற்றுகிறது. ரூபாய்க் குறி இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று, கோடு பத்து, கோடு பதினைந்து என்று பல தோற்றத்தில் வந்ததால் "இது ஒரிஜினல், அது டூப்ளிகேட்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: அதுவரை வந்தது 14 வடிவம், பதினான்கும் செல்லும். கடைக்காரரிடம் சட்டம் பேசினால் உறவு கெடும். அடுத்த முறை நாற்பது ரூபாய்க்கு வாங்கும்போது இரண்டு தாளும் இரண்டு நாணயமுமாகக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் வாங்க ஆரம்பித்தால் தெருவே வாங்கும். கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் சட்டத்தில் இருக்கிறது: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் செல்லுபடி. மூட்டையோடு போய் டி.வி. கேட்டால் அவர் மறுக்கலாம்.

எட்டணாவும் இன்றுவரை செல்லும், ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் வரை. கடையில் வாங்க மாட்டார்கள், வங்கியில் கட்டிவிடுங்கள். நாலணா 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அதை மாற்ற இனி வழியில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. "பழைய நாணயத்துக்கு லட்ச ரூபாய்" என்று போனில் விளம்பரம் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்று கறந்துவிட்டு ஓடிவிடுவார்கள். இப்படி யாரையும் நாங்கள் நியமிக்கவில்லை என்று 2021-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தும் இந்த வியாபாரம் நிற்கவில்லை. உங்கள் நாலணாவின் விலை பூஜ்யம்தான். பேத்திக்குக் காட்டி மகிழலாம்.

டப்பா ஏன் நிறையவில்லை? நீங்கள் சிக்கனத்தை விட்டுவிடவில்லை. 47 ரூபாய்க் கீரைக்கும் தக்காளிக்கும் ஐம்பது கொடுத்தால் மூன்று ரூபாய் கையில் திரும்பி வந்தது. போனில் 47 என்றால் 47-தான் போகிறது. மீதி என்ற ஒன்றே பிறப்பதில்லை. உங்கள் முப்பது வருடச் சேமிப்பு முழுக்க அந்த மீதியில் ஓடியது. நீங்கள் திட்டம் போட்டுச் சேர்க்கவில்லை. வந்து விழுந்ததை விடாமல் பிடித்துக்கொண்டீர்கள். இனி அந்த மீதியை நீங்களாக உண்டாக்கினால்தான் உண்டு.

இதற்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு ஸ்ரீவைகுண்டம் போய்வர என்ன கொடுத்தீர்களோ அதை, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் டப்பாவுக்குக் கொடுங்கள். வாரம் மூன்று முறை போகிறவர் என்றால் ஒரு வருடத்தில் எங்கே நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்வீர்கள், உங்களுக்குக் கணக்கு வரும். அதோடு பூ, கீரை, மீன் இந்த மூன்றை மட்டும் ரொக்கத்துக்கு ஒதுக்குங்கள். மாதம் பிறந்ததும் அந்தச் செலவுக்கு மட்டும் தாளாக எடுத்துவைத்து, தெருவில் கூடை கொண்டு வருகிறவர்களிடம் கையால் கொடுத்து வாங்குங்கள். மீதி தானாக வரும். மீன்காரம்மாவுக்கும் அது வசதி. அவர் போனில் விழும் பணமும் அவர் மகன் கைக்குத்தான் போகிறதோ என்னவோ.

சில செயலிகள் இதையே தானாகச் செய்து தருவதாகச் சொல்கின்றன. 47 ரூபாய் கொடுத்தால் 50 ஆக்கி, மூன்று ரூபாயை டிஜிட்டல் தங்கத்தில் போடும். யோசனை என்னவோ உங்கள் டப்பாவிலிருந்து திருடியதுதான். ஆனால் வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி., வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு வித்தியாசம் என்று நுழையும்போதே கொஞ்சம் போய்விடும். இது தங்கள் கண்காணிப்புக்குள் வராத பொருள் என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி எச்சரித்தும் இருக்கிறது. மகன் செய்து தருகிறேன் என்றாலும் உங்களுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன்.

இப்போது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய வரிக்கு வருகிறேன். அந்தத் தொகை யாருக்கும் தெரியாது என்றீர்கள். அதில் குற்றமும் இல்லை, கூச்சமும் வேண்டாம். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் முந்தியிலும் முடிந்து வைத்தது பெண்கள் யாரிடமும் கை நீட்டாமல் செலவு செய்யக்கூடிய ஒரே துட்டாக இருந்தது. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தும், கார்டும் குறுஞ்செய்தியும் மகனிடம் என்றால், இந்த ஒரு விஷயத்தில் டப்பா கணக்கைவிட உயர்ந்தது. மகன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று வாங்கி வைத்திருப்பார். ஆனாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்கும் பழகணும்ல, கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்றால் போதும். அப்புறம் ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய், உங்கள் போன் நம்பரைப் பதியச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பட்டன் போன் போதும்.

ஆனால் முழு ரகசியம் ஆபத்து. 2017 ஜனவரியில், பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களை வங்கியில் கட்டுவதற்கான கெடு டிசம்பர் 30-ல் முடிந்து சில நாள் ஆன பிறகு, ஒரு பெண் என் கவுண்டருக்கு வந்தார். இறந்துபோன அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பில் முப்பத்தாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தனவாம். பதினெட்டாயிரம். அம்மா எதற்காகச் சேர்த்தார் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எங்களால் வாங்க முடியவில்லை. அவர் தாள்களை அதே மடிப்பில் வைத்து எடுத்துப் போனார். நாணயத்துக்கு அப்படி ஒரு ராத்திரி வந்ததில்லை. நாலணாவை நிறுத்தியபோதுகூட ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். இருந்தாலும் நீங்கள் நம்பும் ஒரே ஓர் ஆளுக்கு, மகளுக்கு என்று வைத்துக்கொள்வோம், டப்பா இருக்கும் இடமாவது தெரிந்திருக்கட்டும். தொகை தெரிய வேண்டாம். கணக்குக்கு வாரிசு நியமனம் போட்டிருக்கிறதா என்பதையும் போன் நம்பர் பதியக் கிளைக்குப் போகும் அன்றே பார்த்துவிடுங்கள்.

வெளியே எடுக்கும் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல இடம் தபால் அலுவலகத்தின் ஐந்து வருட ஆர்.டி., அதாவது மாதா மாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு. மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம். இதை எழுதும்போது வட்டி 6.7 சதவீதம், தொடங்கும் அன்று உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. உரிமைத் தொகையில் பாதியாக மாதம் 500 கட்டினால், நீங்கள் கட்டியது 30,000, கைக்கு வருவது சுமார் 35,680. முதல் எட்டு மாதத் தவணை உங்கள் டப்பாவிலேயே இருக்கிறது. அதற்குள் உரிமைத் தொகை கார்டோடு உங்கள் கைக்கு வந்திருக்கும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். அவசரம் என்றால் ஒரு வருடம் கட்டிய பிறகு பாதி வரை கடனாக எடுக்கலாம். பாஸ்புக்கில் அடித்துத் தருவார்கள். பணம் கட்டும் கவுண்டர் சின்னது. சில்லறையைக் கண்டால் அங்கேயும் முகம் சுளிக்கலாம். தாளாக மாற்றிக்கொண்டு போங்கள்.

பேத்தியின் கேள்விக்குப் பதில்: போடலாம். நீங்கள் வங்கியில் கட்டியதும் அது போனில் தெரியும் பணம்தான். பத்து வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே கையெழுத்துப் போட்டு சேமிப்புக் கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லிவிட்டது; தபால் அலுவலகத்திலும் பத்து வயதிலிருந்து அந்த வசதி உண்டு. நூறு நூறாகப் பிரித்துக் கட்டும் வேலைக்கு அவளைக் கூட உட்கார வையுங்கள். ஒரு ரூபாயில் மூன்று எடை இருப்பதைத் தராசில் காட்டுங்கள். கவுண்டருக்குப் போகும்போதும் அவளைக் கூட்டிப் போங்கள். சின்னப் பிள்ளை கையில் பை இருந்தால் "அப்புறம் வாங்க" என்று சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் நாக்கு கூசும்.

இன்னும் ஒன்று. டப்பாவைக் கழுவிக் காய வைக்கும்போது அடியில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு மூடுங்கள். வெறும் டப்பாவை மூடக் கூடாது என்பார் என் அம்மா. வங்கி விதி எதிலும் இது இல்லை.